எபிக்டெட்டஸ்: அடிமையாய்ப் பிறந்த ஆசான்

பிள்ளைக்குப் பெயரிடுங்கால் குடிப்பெருமையையோ, மூதாதையரின் நினைவையோ, தாம் விரும்பும் நற்குணம் ஒன்றையோ அப்பெயரில் அமைத்து மகிழ்தல் எந்நாட்டுப் பெற்றோர்க்கும் இயல்பு. நாம் இங்கு வரலாறு கூறப் புகுந்த பெரியார்க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. எபிக்டெட்டஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈட்டிக்கொள்ளப்பட்டவன், உடைமையாகச் சேர்க்கப்பட்டவன் என்பதே பொருளாம். வீட்டிற்குப் புதிதாக வந்த குடத்தையும் மாட்டையும் குறிப்பதற்கொத்த சொல் அது. பிறர் இட்ட இழிபெயரைச் சுமந்து மடிந்த மக்கள் எத்துணையோ பேர். அவ்விழிபெயரையே பிற்காலத்துப் பேரரசன் ஒருவன் தன் குறிப்பேட்டில் நன்றியோடு எழுதி வைக்குமாறு வாழ்ந்தவர் இவர்.

கி.பி. 50ஆம் ஆண்டினையொட்டி, சின்ன ஆசியாவில் பிரிஜியா என்னும் நாட்டுப் பகுதியிலிருந்த ஹைராப்போலிஸ் நகரில் அவர் பிறந்தார். இன்று துருக்கி நாட்டில் பமுக்கலே என வழங்கும் இடம் அது. மலைச்சரிவில் வெந்நீர் ஊற்றுகள் பெருகிச் சுண்ணம் படிந்து, பஞ்சுப்பொதி அடுக்கினாற்போல் வெண்ணிறப் படிகள் அமைந்திருப்பதைக் காண இன்றும் மக்கள் திரளாகச் செல்கின்றனர். அவருடைய தாயும் ஓர் அடிமையே என்பதைப் பிசிடியா நாட்டு மலைப்பாறை ஒன்றிற் பொறித்த பழங்கவிதை தெரிவிக்கின்றது. அடிமைப் பெண்ணின் வயிற்றில் உதித்த மகவு அடிமையே என்பது உரோமருடைய சட்டம். தந்தை எவராயினும் அச்சட்டம் மாறாது. ஒருவன் இன்னான் என்பதை அவன் பிறந்த வயிறே முடிவு செய்துவிடும் என்னும் இக்கொள்கை, எந்நாட்டில் எப்பெயரால் வழங்கினும் தன்மையால் ஒன்றே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. உரோம அடிமை முறைப்படி விடுதலை பெற்றுவிட்டால், அதன்பின் அவனுக்கு முறையான மணத்திற் பிறக்கும் பிள்ளைகள் பிறப்பிலேயே உரிமைக் குடிமக்களாயினர். அவ்விழிவு ஒரு தலைமுறையிற் கழிந்தது. நம் நாட்டவர் கண்டுபிடித்த இழிவிற்கோ அத்தகைய எல்லையும் வைக்கப்படவில்லை.

இளமையிலேயே அவர் உரோம் நகரில் எப்பாப்ரோடிட்டஸ் என்பவனுடைய உடைமையாக இருந்தார். இவன் நீரோ மன்னனுக்கு வரும் விண்ணப்பங்களைக் கவனிக்கும் செயலாளன், பெருஞ்செல்வன், தானும் முன்னர் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன். தான் பட்ட துன்பத்தை நினைந்து பிறரிடம் இரக்கம் கொள்வோரும் உண்டு. தான் பட்டதைப் பிறர் தலையில் இறக்கி வைப்போரும் உண்டு. எப்பாப்ரோடிட்டஸ் எவ்வகையினன் என்பதை எபிக்டெட்டஸ் தம் மாணவர்க்குச் சொன்ன கதைகளிலிருந்து நாம் உய்த்துணரலாம். அவன் வீட்டில் பெலிசியோ என்னும் செருப்புத் தைப்போன் ஒருவன் இருந்தான். பயனற்றவன் என்று கருதி அவனைத் தலைவன் விற்றுவிட்டான். அவனை வாங்கியவர் அரண்மனையைச் சேர்ந்தவர். ஆகவே பெலிசியோ மன்னனுக்கே செருப்புத் தைப்பவனானான். அன்று முதல் எப்பாப்ரோடிட்டஸ் அவனை எதிர்ப்படுந்தோறும் நலம் உசாவுவான், முகமன் கூறுவான். வீட்டிற்கு வந்தவர்கள் தலைவர் என்ன செய்கின்றார் என்று கேட்டால், பெலிசியோவோடு ஆலோசனையில் இருப்பதாக விடை கிடைக்குமாம். பயனற்றவன் என்று தள்ளப்பட்டவன் ஒரே நாளில் எவ்வாறு அறிவுடையவனானான் என்று எபிக்டெட்டஸ் சிரித்துக் கேட்டார். மற்றொரு நாள் ஒருவன் வந்து எப்பாப்ரோடிட்டஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். தன் செல்வமெல்லாம் போய்ப் பதினைந்து இலட்சம் செஸ்டர்ஸ் மட்டுமே எஞ்சியிருக்கின்றதென்பது அவன் துயரம். பலநூறு குடும்பங்கள் வாழ்தற்குப் போதிய பணம் அது. எப்பாப்ரோடிட்டஸோ நகையாது, இத்துணைத் துன்பத்தை எவ்வாறு வாய்திறவாமல் பொறுத்தாயென்று உண்மையாகவே பரிவு காட்டினான். அவ்வறையின் மூலையில் ஏவலுக்குக் காத்து நின்ற அடிமைப் பையன், உடையவர்கள் எவற்றுக்கு அஞ்சுகின்றனர் என்பதை அன்றே கற்றுக்கொண்டான் போலும்.

எபிக்டெட்டஸின் ஒரு கால் ஊனமுற்றது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதில் பண்டை நூல்கள் மாறுபடுகின்றன. தலைவன் வெகுண்டு அவர் காலை முறுக்கினான் என்றும், இவ்வாறு முறுக்கினால் கால் முறியும் என அவர் அமைதியாகக் கூறினார் என்றும், முறிந்தபின், நான் முன்னரே சொன்னேன் அல்லவா என்று மட்டும் கூறி அடங்கினார் என்றும் செல்சஸ் என்பார் எழுதினார். சூடா என்னும் பிற்காலத்து அகராதியோ வாத நோயினால் கால் ஊனமாயிற்று எனக் கூறும். எபிக்டெட்டஸ் தம் ஊனத்தைப் பலவிடத்தும் இயல்பாகக் குறிப்பிடுகின்றார். எப்பாப்ரோடிட்டஸைப் பற்றியும் பேசுகின்றார். ஆயினும் இவ்விரண்டையும் இணைத்து, எஞ்சியுள்ள நூற்பகுதியில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆதலின் செல்சஸின் கதையை நாம் உறுதியாகக் கொள்வதற்கில்லை. அக்கதை பெரிதும் பரவியதற்கு வேறொரு காரணமும் உண்டென நாம் கருதுகின்றோம். கால் முறிபவன் கூவாதிருத்தல், முறிப்பவனுக்கு மிகவும் உவப்பான செய்தி. முறிக்கப்பட்டவனுடைய பொறுமையைப் புகழ்ந்து கொண்டிருக்கையில் முறித்தவனுடைய கை எவர் கண்ணுக்கும் படுவதில்லை. எபிக்டெட்டஸின் பெருமை இக்கதையைச் சார்ந்து நிற்பதன்று.

அடிமையாயிருக்கும்போதே அவர் மியூசோனியஸ் ரூபஸ் என்னும் பேராசிரியரிடம் பாடங்கேட்டார். இவ்வாசிரியர் ஸ்டோயிக் மரபினர். கி.மு. 300ஆம் ஆண்டையொட்டி சைப்ரஸ் தீவினராகிய சீனோ என்பார் ஏதென்ஸ் நகரில் ஓவியங்கள் தீட்டப்பெற்ற ஒரு தாழ்வாரத்தில் இருந்து கற்பித்தார். தாழ்வாரத்தைக் குறிக்கும் ஸ்டோவா என்னும் கிரேக்கச் சொல்லே அம்மரபிற்குப் பெயராயிற்று. மியூசோனியஸ், பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் ஒரே கல்வி வேண்டுமென்றும், பெண்களும் தத்துவம் பயிலவேண்டுமென்றும் அந்நாளிலேயே கற்பித்தவர், நீரோவினால் கி.பி. 65இல் கியாரோஸ் என்னும் வறண்ட தீவிற்கு நாடு கடத்தப்பட்டவர். அவர் பேசும்போது, கேட்போர் ஒவ்வொருவரும் தம் குற்றத்தை யாரோ அவரிடம் முன்னரே சொல்லிவிட்டனர் என்று எண்ணிக் கூசுவராம்.

இவ்வாசிரியர் மாணவரிடம் கடுமை காட்டுபவர். ஒருமுறை தருக்கப் பாடத்தில் இடையில் விடுபட்ட ஒரு படியை எபிக்டெட்டஸ் கண்டுபிடிக்கவில்லை. ஆசிரியர் கடிந்துகொள்ளவே, நான் என்ன கேப்பிடல் கோயிலையா எரித்துவிட்டேன் என்று மாணவர் முணுமுணுத்தார். உரோம் நகரின் தலையாய அக்கோயில் கி.பி. 69இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது எல்லார் நினைவிலும் இருந்தது. இங்கு விடுபட்ட இப்படியே உனக்குக் கேப்பிடல் என்று ஆசிரியர் விடை தந்தார். முதியவரான பின்னும் எபிக்டெட்டஸ் இதனைத் தம் மாணவரிடம் கூறி மகிழ்ந்தார். இன்னொரு நாள், உன் தலைவனால் உனக்கு இன்னின்ன துன்பம் நேரும் என்று ஆசிரியர் அச்சுறுத்திப் பார்த்தார். அவை மனிதர்க்கு நேரக்கூடியனவே என்றார் மாணவர். அங்ஙனமாயின் உனக்காக அவனிடம் நான் ஏன் இரக்க வேண்டும், வேண்டியதை உன்னிடமே பெற்றுக்கொள்ளலாமே என்றார் மியூசோனியஸ். மாணவனை ஓர் அடிமையென எண்ணி இரங்காது, மனிதனென எண்ணி வேலை வாங்கிய ஆசிரியர் அவர்.

பின்னர் எபிக்டெட்டஸ் விடுதலை பெற்றார்; உரோமிலேயே தத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய இருப்பிடத்திற்குத் தாழ்ப்பாள் வேண்டியிருக்கவில்லை, வைக்கோற்பாயும் படுக்கையுமன்றி உள்ளே ஒன்றுமில்லை என்று பிற்காலத்து உரையாசிரியர் ஒருவர் எழுதுவார்.

டொமிஷியன் என்னும் மன்னன் கொடுங்கோலன். எதிர்த்துப் பேசுவோர் எவரும் அவனுக்குப் பகைவர். கி.பி. 90ஐ அடுத்த ஆண்டுகளில் அவன் தத்துவ ஆசிரியர்களை இத்தாலியை விட்டே வெளியேற்றினான். தாடி தத்துவ ஆசிரியர்க்கு அடையாளமாயிருந்த காலம் அது. தாடியை மழித்துக்கொள் என்று ஆணையிட்டால் மழியேன். தலையை வெட்டுவேன் என்றால், அதனால் உனக்கு நன்மையென்று தோன்றின் வெட்டிக்கொள் என்பேன் என்று எபிக்டெட்டஸ் பிற்காலத்தில் விளக்கினார். அவர் தலை தப்பியது. அவருடைய பழைய தலைவனுடைய தலை தப்பவில்லை. நீரோ கி.பி. 68இல் தற்கொலை செய்துகொண்டபோது உடனிருந்து உதவியவன் எப்பாப்ரோடிட்டஸ். ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழிந்தபின் அக்குற்றத்திற்காகவே டொமிஷியன் அவனைக் கொல்வித்தான்.

நாடு கடத்தப்பட்ட எபிக்டெட்டஸ் கடல் கடந்து, கிரேக்க நாட்டின் மேற்குக் கரையில் எப்பைரஸ் பகுதியிலுள்ள நிக்கப்போலிஸ் நகரை அடைந்தார். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியையும் கிளியோபாத்திராவையும் வென்ற அகஸ்டஸ், அவ்வெற்றியின் நினைவாக எழுப்பிய நகரம் அது. பெயரும் வெற்றி நகர் என்றே பொருள்படும். இத்தாலியினின்று கிரேக்கத்திற்குச் செல்லும் கலங்கள் தங்கும் வழியிலிருந்தமையால் செல்வர்களும் அதிகாரிகளும் வந்து போயினர். அங்குத்தான் அவர் தம் பள்ளியை நிறுவினார். வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் அங்கேயே கழித்தார்.

சாக்ரட்டீசைப் போலவே எபிக்டெட்டஸும் நூல் எதுவும் எழுதவில்லை. நிக்கோமீடியா ஊரினராகிய அர்ரியன் என்னும் மாணவர், கி.பி. 108ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரிடம் பயின்றபோது கேட்டவற்றைக் கேட்டவாறே எழுதி வைத்தார். எட்டு நூல்களாக இருந்த அவ்வுரைகளுள் நான்கே நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின் சாரமாக என்கிரிடியன் எனப்படும் கைந்நூலையும் அர்ரியனே தொகுத்தார். அர்ரியன் தாமாக எழுதிய நூல்கள் புலவர் நடையில் அமைந்தவை. ஆசிரியருடைய உரைகளை மட்டும் சந்தையிலும் துறைமுகத்திலும் வழங்கிய எளிய கிரேக்கத்திலேயே விட்டுவைத்தார். அதனால் அவற்றில் ஆசிரியருடைய குரலே கேட்கின்றது எனலாம். உயர்ந்த அறத்தை மக்கள் மொழியிற் கூறிய ஆசான் என்பது நம் வாசகர்க்குப் புதுமையன்று.

அக்குரல் எதைக் கூறிற்று? உலகிலுள்ளவற்றை அவர் இரண்டாகப் பிரித்தார். நம் ஆளுகைக்கு உட்பட்டவை சில, உட்படாதவை பல. எண்ணம், விருப்பம், வெறுப்பு, முயற்சி ஆகியவை நம்முடையவை. உடல், பொருள், புகழ், பதவி ஆகியவை நம்முடையவையல்ல. அவற்றைப் பேணலாம், ஆயினும் அவை நம்மைக் கேட்டு வருவதுமில்லை, நம்மைக் கேட்டுப் போவதுமில்லை. தன்னுடையதல்லாததைத் தன்னுடையதாகக் கொள்பவன், அதனைக் கொடுக்கவும் பறிக்கவும் வல்லவன் எவனோ அவனுக்கு அடிமையாகின்றான். இதனால் அடிமை என்னும் சொல்லையே எபிக்டெட்டஸ் தலைகீழாக்கிவிட்டார். விடுதலையை நாடும் அடிமையொருவன் படிப்படியாக ஏறிச் செல்லும் கதையொன்றை அவர் கூறுவதுண்டு. விடுதலை கிடைத்ததும் இன்பம் வருமென அவன் எண்ணுகின்றான். கிடைத்ததும் உணவிற்கு வழியின்றி ஒரு செல்வனைத் தொங்குகின்றான். பின்னர்ப் பொருள் சேர்கின்றது, பதவியின்மேல் ஆசை செல்கின்றது. இறுதியில் ஆட்சிமன்றத்து உறுப்பினனாக உயர்ந்து அமர்கின்றான். அந்த இருக்கையே அவனுக்குப் பூட்டப்பட்ட மிக அழகிய விலங்கு என்பது எபிக்டெட்டஸின் முடிபு. ஆட்சிமன்றத்தாரின் பிள்ளைகள் பலர் அப்பள்ளியில் அமர்ந்து இதனைக் கேட்டனர். அவர்கள் நெளிந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. தத்துவப் பள்ளி மருத்துவமனை போன்றது, வெளியே செல்லுங்கால் இன்பத்தோடு சென்றால் பயனில்லை, நோவோடு செல்லவேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே கூறிவந்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் பேச்சு வல்லார் பலருள் ஒருவராய் மறைந்திருப்பார். பயிற்சியிற்றான் அவர் கருத்து முழுதும் ஊன்றியிருந்தது. சிறியவற்றிலிருந்து தொடங்குக என்றார். எண்ணெய் சிறிது சிந்திற்றா, திராட்சைத் தேறல் திருட்டுப் போயிற்றா, அவ்விழப்பை மன அமைதிக்குக் கொடுத்த விலையாகக் கணக்கெழுதிவிடு. விலையின்றி எப்பொருளும் வருவதில்லை. பொதுக் குளிப்பிடத்திற்குச் செல்லுமுன், அங்கே நீரை வாரி இறைப்போர் இருப்பர், இடித்துத் தள்ளுவோர் இருப்பர், ஏசுவோரும் திருடுவோரும் இருப்பர் என நினைந்துகொள். குளிப்பதோடு மனத்தைக் காப்பதும் உன் நோக்கம் என்று சொல்லிக்கொண்டு செல். சினமுடையவனுக்கு அவர் கூறிய வழி மிக எளியது. அதனினும் கடினமான வழி வேறில்லை. சினம் கொள்ளாத நாட்களை எண்ணி வருக. முன்னர் நாள்தோறும் சினந்தேன். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். பின்னர் இருநாள் விட்டு, மூன்றுநாள் விட்டு. முப்பது நாள் சினமின்றிக் கழிந்தால் கடவுளுக்கு நன்றிப் படையல் இடுக. ஒவ்வொரு முறை சினக்குங்காலும், அந்த ஒரு தீமை மட்டும் நேர்வதில்லை, பழக்கத்திற்கும் விறகு இட்டவனாகின்றாய் என்று அவர் எச்சரித்தார். நம்முள் எத்துணைப் பேர் இக்கணக்கில் ஒரு கிழமையைக் கடப்போம் என்று தெரியவில்லை.

தாம் கற்றதைப் பிறர்க்குக் காட்டிக்கொள்வதை அவர் வெறுத்தார். ஆடுகள் எவ்வளவு மேய்ந்தோம் என்று காட்டுதற்காகப் புல்லை இடையன்முன் கொண்டுவந்து குவிப்பதில்லை. தின்றதைச் செரித்துப் பாலும் மயிரும் தருகின்றன. கற்றவனும் அவ்வாறே செய்யவேண்டும். எப்படி உண்ணவேண்டும் என்று விருந்தில் விரிவுரை நிகழ்த்தாதே, உண்ணவேண்டியவாறு உண் என்றார்.

ஒருநாள் அதிகாரி ஒருவர் அவரைக் காண வந்தார். மனைவி மக்கள் உண்டா என்று ஆசிரியர் கேட்க, உண்டு, அதனாலேயே துன்பம் என்றார் வந்தவர். சின்னாட்களுக்கு முன் தம் சிறுமகள் நோயுற்றபோது அதனைக் காணப் பொறாமல் வீட்டை விட்டே ஓடிவிட்டதாகவும், நலமடைந்தாள் என்று ஆள் வந்து சொன்ன பின்னரே திரும்பியதாகவும் கூறினார். அன்பு மிகுதியால் அவ்வாறு செய்ததாகவும், அஃது எந்தத் தந்தைக்கும் இயல்பே என்றும் சொல்லிக்கொண்டார். எபிக்டெட்டஸ் வெகுளவில்லை. மெல்ல வினவத் தொடங்கினார். குழந்தையின் தாய்க்கு அவளிடம் அன்பு உண்டா? உண்டு. அவளும் ஓடியிருக்கவேண்டுமா? செவிலிக்கு அன்பு உண்டா? அவளும் ஓடியிருக்கவேண்டுமா? அவ்வாறாயின் தன்மேல் மிகுந்த அன்புடையார் அனைவரும் ஓடிவிட, அன்பில்லாதார் கையிற் குழந்தை சாகவேண்டுவதுதானா? நீர் நோயுற்றால் உம் மனைவி மக்கள் இவ்வகை அன்பையே உம்மிடம் காட்டவேண்டுமென விரும்புவீரா? அதிகாரி விடை கூற இயலாது நின்றார். ஸ்டோயிக் மரபினர் கல்நெஞ்சர், பாசமற்றவர் என்று கூறுவார்க்கு இவ்வுரையாடலைக் காட்டலாம். பாசம் என்னும் பெயரால் நாம் செய்வன பலவும் நம்முடைய வேதனையினின்று நாம் தப்பியோடுதலே என்பதை இதனினும் தெளிவாக எடுத்துரைத்தல் அரிது.

குழந்தையை முத்தமிடும்போதே இவள் சாகக்கூடியவள் என்று நினைந்துகொள் எனவும் அவரே கூறியுள்ளார். இதனைப் படிக்குங்கால் நம் உள்ளம் திடுக்கிடுகின்றது. நிலையாமையை அறிதல் வேறு. அணைக்கும் கையிலேயே அதனைப் பிடித்துக்கொண்டிருத்தல் வேறு. இவ்விடத்தில் ஆசிரியர் மருந்தின் அளவை மிகுத்துவிட்டார் என்றே நமக்குப் படுகின்றது.

இனி நாம் நேராகக் கேட்டுத் தீரவேண்டிய வினா ஒன்று உண்டு. உள்ளம் விடுதலையாயிருப்பின் உடலைப் பிணித்த விலங்கு ஒரு பொருட்டன்று என்னும் இப்போதனை, விலங்கு பூட்டியவனுக்குத் துணையாகாதா? அடங்கி நடக்குமாறு தாழ்த்தப்பட்டார்க்கு எத்துணையோ நூற்றாண்டுகளாக மனநிறைவைப் போதித்து வந்தவர்கள் எவ்விடத்தும் உளர். எபிக்டெட்டஸும் அவர்களுள் ஒருவரோ? அடிமைமுறை ஒழியவேண்டும் என்று அவர் எங்கும் கூறவில்லை. அக்குறையை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் அவர் யாரிடம் பேசினார் என்பதை நோக்கவேண்டும். அவர்முன் அமர்ந்திருந்தவர் பெரும்பாலும் அடிமைகளை உடைய வீட்டுப் பிள்ளைகள். வெந்நீர் கேட்டபோது அடிமை அதனைக் கொண்டுவரவில்லை, அன்றி வெதுவெதுப்பாகக் கொண்டுவந்தான் என்று சினப்பவனை நோக்கி, அவன் உன் உடன்பிறந்தான் அல்லனோ, ஒரே கடவுளின் வித்திலிருந்து நீங்கள் இருவரும் வந்தவரல்லரோ என்று கேட்டார். நான் அவனை விலைகொடுத்து வாங்கியிருக்கின்றேனே என்று மறுமொழி கூறினால், நீ செத்தவர்களின் இழிந்த சட்டத்தைப் பார்க்கின்றாய், கடவுளின் சட்டத்தைப் பார்க்கவில்லை என்றார். உடைமைச் சட்டத்தைச் செத்தவர் சட்டம் என்று உரோமப் பேரரசின் நடுவில், விலைக்கு வாங்கப்பட்டிருந்த ஒருவர் கூறினார். முறைமன்றத் தலைவன்முன் அடிமையைத் திருப்பி நிறுத்தி, நூற்றுக்கு ஐந்து வரியும் கட்டினால் மட்டும் ஒருவன் உரிமையுடையவனாகிவிடுவானா என்று அவர் எள்ளியதும் உண்டு. அவ்வெள்ளல் விடுதலை பெற்றவனை நோக்கியதன்று. விடுதலை அளிக்கும் அதிகாரம் தம்மிடம் இருப்பதாக நம்பியவர்களை நோக்கியது. தமக்கு விடுதலை வந்தபோது அவர் அதனை ஒரு பொருட்டன்று எனத் தள்ளிவிடவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

அர்ரியனைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். நம் நாட்டோடு அவர்க்குத் தொடர்புண்டு. பிற்காலத்தில் அவர் உரோமப் பேரரசின் கான்சல் பதவியடைந்து, கப்படோசியா மாகாணத்தின் ஆளுநராக விளங்கினார். அலெக்சாந்தரின் படையெடுப்பைப் பற்றி இன்று நமக்குள்ள நூல்களுள் சிறந்தது அவர் எழுதியதே. மெகஸ்தனிஸ், நியார்க்கஸ் முதலியோர் குறிப்புகளைக் கொண்டு இண்டிகா என்னும் நூலையும் அவர் இயற்றினார். ஹிராக்ளிஸின் மகள் பண்டையா ஆண்ட நாட்டைப் பற்றியும் முத்துக்களைப் பற்றியும் அதில் வரும் செய்தி பாண்டியரைச் சுட்டுவதென அறிஞர் பலர் கருதுவர். அந்நூலின் ஓரிடத்தில், இந்தியர் அனைவரும் உரிமை மக்கள், அடிமை ஒருவனும் அங்கில்லை என்று அர்ரியன் வியந்து எழுதுகின்றார். அடிமையாயிருந்தவரை ஆசானாகக் கொண்டவர் அச்செய்தியை எத்துணை மகிழ்ச்சியோடு எழுதியிருப்பார்! ஆனால் சில பக்கங்கள் புரட்டினால், இந்தியர் ஏழு வகுப்பினராகப் பிரிந்துள்ளனர், ஒரு வகுப்பார் மற்றொன்றில் மணம் செய்தல் கூடாது, ஒரு தொழிலினின்று வேறு தொழிலுக்கு மாறுதலும் கூடாது என்று அவரே எழுதுகின்றார். இவ்விரு செய்தியும் ஒன்றோடொன்று முரண்படுவதை அந்த அயல்நாட்டார் காணவில்லை. அவர்மேற் குறை கூறுவதற்கில்லை. அருகிருந்தே காணாதவர் பலர். ஒரு விலக்கையும் அவர் குறிக்கின்றார். அறிஞர் வகுப்பில் மட்டும் எவ்வகுப்பாரும் சேரலாமாம். அறிஞர் வாழ்க்கை எல்லாவற்றினும் கடினமானது என்பது அதற்கு அவர் காட்டும் காரணம்.

எபிக்டெட்டஸின் இல்வாழ்க்கையைப் பற்றிக் கிடைப்பன சிலவே. நெடுங்காலம் தனித்தே வாழ்ந்தார். முதுமையில் நண்பர் ஒருவர் தம் குழந்தையை வளர்க்க வழியின்றிக் கைவிட எண்ணியபோது, அக்குழந்தையைத் தாம் ஏற்று, அதனைப் பேணுதற்காக ஒரு பெண்மணியையும் வீட்டிற் சேர்த்துக்கொண்டார். பிறந்த மகவை வெளியே போட்டுவிடுதல் அந்நாளைய வழக்கம். போடப்பட்ட குழந்தைகளை எடுத்து அடிமைகளாக வளர்ப்போரும் பலர். அந்த முதியவர் அக்குழந்தையை எதினின்று காத்தார் என்பது இதனால் விளங்கும். குழந்தையை முத்தமிடுவது பற்றி அவர் கூறியதை முன்னர்க் குறை கூறினோம். செயலைக் காணுங்கால் அச்சொல்லின் கடுமை சிறிது தணிகின்றது.

அவர் வீட்டுத் தெய்வங்களின் அருகே ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஓரிரவு சன்னலில் ஒலி கேட்டு இறங்கி வந்து பார்த்தார், விளக்கைக் காணவில்லை. எடுத்தவன் விழிப்பில் நம்மை வென்றான், ஆனால் அவ்விளக்கிற்காகத் தன்னைத் திருடனாக்கிக்கொண்டான், அவன் கொடுத்த விலை மிகுதி என்று கூறிவிட்டு, மறுநாள் மண்விளக்கு ஒன்று வாங்கி வைத்தார். கி.பி. 135ஐ ஒட்டி அவர் காலமானபின் அந்த மண்விளக்கை ஒருவன் மூவாயிரம் திராக்மா கொடுத்து வாங்கினான். அவ்விளக்கின் ஒளியிற் படித்தால் எபிக்டெட்டஸின் அறிவு தனக்கும் வந்துவிடுமென்று அவன் நம்பியதாக லூசியன் என்னும் அங்கத ஆசிரியர் எள்ளி நகையாடினார்.

ஜூனியஸ் ரஸ்டிக்கஸ் என்னும் ஆசிரியர் தம்மிடமிருந்த எபிக்டெட்டஸ் உரைப்படியை இளைஞர் ஒருவர்க்குப் படிக்கக் கொடுத்தார். அவ்விளைஞரே கி.பி. 161 முதல் 180 வரை உரோமை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ். டான்யூப் ஆற்றங்கரைப் போர்ப்பாசறைகளில் தமக்கென அவர் எழுதிக்கொண்ட குறிப்புகளில், அந்நூலை அறிமுகப்படுத்தியதற்காக ரஸ்டிக்கஸுக்கு நன்றி கூறுகின்றார். ஆறாம் நூற்றாண்டில் சிம்ப்ளிசியஸ் கைந்நூலுக்கு விரிவுரை கண்டார்; குழந்தையைப் பற்றிய செய்தியை நமக்குத் தந்தவர் அவரே. கிறித்தவத் துறவியரும் சாக்ரட்டீசின் பெயர் வருமிடத்தில் பவுலின் பெயரை இட்டு அக்கைந்நூலைத் தம் மடங்களிற் பயன்படுத்தினர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தேயோ ரிச்சி என்னும் பாதிரியார் அதனைத் தழுவிச் சீன மொழியில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். எலிசபெத் கார்ட்டர் என்னும் அம்மையார் 1758இல் உரைகள் முழுவதையும் ஆங்கிலத்திற் பெயர்த்தார்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்பவருடைய விமானம் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அளித்த எபிக்டெட்டஸ் கைந்நூலை அவர் நன்கு படித்திருந்தார். அவர் அந்நாட்டு வானத்திற்குச் சென்றது எதன்பொருட்டு என்பதையும், கீழே வாழ்ந்த குடியானவர்கள் பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. ஏழாண்டுகளுக்கு மேல் ஹனோய்ச் சிறைகளில் அவர் வதைக்கப்பட்டார். தனிச்சிறையில் நெடுங்காலம் அடைக்கப்பட்டார். அங்கே தம்மைக் காத்தது அக்கைந்நூலே என்று பின்னர்ப் பலவிடத்தும் எழுதினார். பிடிபட்டபோதே அவருடைய கால் முறிந்திருந்தது. 1973 பிப்ரவரியில் விடுதலையானபின் தம் வாழ்நாள் முழுவதும் அவர் கால் தாங்கியே நடந்தார்.